சொல்லி அனுப்புறோம்: கடை இண்டர்வியூவில் உண்மையில் எதை அளக்கிறார்கள்?

வேலை தேடி அலைந்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. "சரிப்பா, சொல்லி அனுப்புறோம்." பெரும்பாலும் சொல்லியும் அனுப்ப மாட்டார்கள், ஆளையும் அனுப்ப மாட்டார்கள். "உனக்கு வேலை இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வராதவர்கள் கண்டுபிடித்த மரியாதையான கதவடைப்பு அது.

ஐ.டி. கம்பெனி இண்டர்வியூ பற்றி எக்கச்சக்கமாக எழுதியாகிவிட்டது. எந்தக் கேள்வி வரும், எப்படிப் பதில் சொல்லணும், சம்பளம் எப்படிப் பேசணும் என்று எல்லாமே கிடைக்கும். ஆனால் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம், சூப்பர் மார்க்கெட் போன்ற இடங்களில் நடக்கும் இண்டர்வியூ பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. நம்மூரில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை அங்கேதான். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது, தி.நகர் ஜவுளிக்கடைக்குள் வேலை செய்கிறவர்களின் வாழ்க்கையைப் பலர் முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தார்கள். எனக்கு ஆர்வம் அதற்கு ஒரு படி முன்னால். உள்ளே போவதற்கு முன், மேனேஜர் மேஜைக்கு முன்னால் நிற்கும் அந்த நாலைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? அதில் கேட்கும் கேள்விகள் எதையாவது உண்மையிலேயே அளக்கின்றனவா?

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றிய ஆய்வுகளைப் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அதன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை. முதலில் என் சொந்த அனுபவம் ஒன்று.

2002இன் நாலு நிமிடம்

நான் பி.இ. முடித்தது 2002இல். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சிக்குப் போய்விட்டுச் சரிந்து, அதன்பின் 2001 செப்டம்பர் தாக்குதலும் சேர்ந்துகொள்ள, நம்மூர் மென்பொருள் கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்த நேரம். கேம்பஸில் ஆர்டர் வாங்கியவர்களே சேரும் தேதி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டரே வாங்காத எங்களைக் கேட்கவா வேணும்.

திருச்சியில் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை. நாளிதழில் வரி விளம்பரம்: விற்பனையாளர்கள் தேவை, பிளஸ் டூ அல்லது ஏதேனும் ஒரு பட்டம், நேரில் வரவும். மூன்று நாள் அதற்காகத் தயார் செய்தேன். மூன்று கடை ஏறி இறங்கி பிரௌஷர்களை வாங்கி வந்தேன். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் ஏன் தண்ணீர் குறைவாக எடுக்கிறது என்று படித்தேன். ஏ.சி.யில் ஒரு டன் என்பது எடை இல்லை, ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகுவதற்கு இழுக்கும் வெப்பத்தின் கணக்கு, அதாவது மணிக்கு 12,000 பி.டி.யு., ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் என்பதை வாடிக்கையாளருக்கு எளிதாக எப்படிச் சொல்லலாம் என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன்.

மாடிப்படியில் நாற்பது பேர். மூன்று மணி நேரம் கழித்து என் முறை. உள்ளே மேனேஜரும், முதலாளி வீட்டு ஆள் ஒருவரும்.

"எந்த ஊரு?"

"லால்குடி பக்கம் சார்."

"அங்க எந்தத் தெரு?"

சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா என்ன பண்றாரு? கூடப் பிறந்தவங்க எத்தன பேரு? உயரம் எவ்வளவு இருப்ப?"

சொன்னேன்.

"பி.இ. படிச்சுட்டு இங்க ஏம்ப்பா வந்த? பெங்களூர்ல ஒரு வேலை கிடைச்சா ஆறு மாசத்துல ஓடிருவ."

"இல்ல சார், எனக்கு வேலை வேணும். பொருளைப் பத்தி நல்லாவே படிச்சிட்டு வந்திருக்கேன்."

"அதெல்லாம் நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்க குடுத்துரணும். ஒரு வருசம் கழிச்சுத்தான் திருப்பித் தருவோம். சம்மதமா?"

நான் யோசித்த அந்த ரெண்டு விநாடியிலேயே முடிவாகிவிட்டது. "சரி, சொல்லி அனுப்புறோம்."

வேலை கிடைக்காததில்கூட அவ்வளவு வருத்தமில்லை. மூன்று நாள் படித்ததில் ஒரு சொல்லைக்கூடச் சொல்ல விடவில்லையே என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. வாஷிங் மெஷின் விற்கும் வேலைக்கான இண்டர்வியூவில் வாஷிங் மெஷின் என்ற வார்த்தையே வரவில்லை.

கடைக்காரர் பக்கம் நின்று பார்ப்போம்

நியாயமாகப் பேசுவதென்றால் அவர்கள் பக்கமும் பார்க்கணும். கடை நடத்துகிறவருக்கு மூன்று பயங்கள் உண்டு. ஒன்று, ஆள் பாதியில் போய்விடுவது. பொருள் பெயர், விலை, எந்த ரேக்கில் எது, பில் போடுவது, பழைய வாடிக்கையாளர் முகம் எல்லாம் பிடிபட்டு வரும் நேரத்தில், அதுவும் ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ முந்தின வாரம் பையன் நின்றுவிட்டால் கை ஒடிந்த மாதிரி. இரண்டு, சரக்கோ கல்லாவோ கை மாறுவது. மூன்று, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவது.

என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாமே இந்த மூன்று பயத்திலிருந்து வந்தவைதான். ஊர், தெரு, அப்பா தொழில் எல்லாம் 'நம்பலாமா' என்பதற்கு. பி.இ., ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் 'நிற்பானா' என்பதற்கு. உயரம், தோற்றம் 'வாடிக்கையாளருக்குப் பிடிக்குமா' என்பதற்கு. பயம் நியாயமானது, சரி. அந்தப் பயத்துக்கு இந்தக் கேள்விகள் மருந்தா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஓடிருவ"

தேவைக்கு மேல் படித்தவன் நிலைக்க மாட்டான் என்பது நம்மூர் முதலாளிகள் மட்டும் வைத்திருக்கும் நம்பிக்கை இல்லை, உலகம் முழுக்க இருக்கிறது. இதை ஒரு கடையிலேயே வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பெரின் எர்டோகன், தாலியா பவர் என்ற இரு ஆய்வாளர்கள் துருக்கியில் ஒரு துணிக்கடைச் சங்கிலியின் 25 கிளைகளில் 244 ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டது.

அவர்கள் கண்டது இரண்டு விஷயம். முதலாவது, 'இந்த வேலைக்கு எனக்குத் தகுதி அதிகம்' என்று நினைத்தவர்கள் விற்பனையில் பின்தங்கவில்லை. அவர்கள்தான் நன்றாகவே விற்றார்கள். இரண்டாவது, அவர்களிடம் அதிருப்தியும் விட்டுப் போகும் எண்ணமும் அதிகம் இருந்தது உண்மைதான். ஆனால் வேலையைத் தன் போக்கில் செய்யவும், சின்னச் சின்ன முடிவுகளைத் தானே எடுக்கவும் இடம் இருப்பதாக உணர்ந்தவர்களிடம் அந்தப் பாதிப்பு தணிந்துவிட்டது.

ஆக, "ஓடிருவ" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி கடையின் கையில்தான் இருக்கிறது. படித்த பையனிடம் "இந்த ஏ.சி. பிரிவை நீ பார்த்துக்கோ, எந்த மாடல் எங்க வைக்கணும்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லும் கடையில் அவன் நிற்க வாய்ப்பு அதிகம். "வாயை மூடிட்டு நில்லு" என்ற கடையில் யாருமே நிற்க மாட்டார்கள், பத்தாவது படித்தவர் உட்பட.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைப்பதும் இதே ரகம்தான். அது ஆளை நிறுத்தி வைக்குமே தவிர மனசை நிறுத்தி வைக்காது. சான்றிதழ் படித்தவரின் சொந்த ஆவணம், அடகு வைக்கிற பொருள் இல்லை. கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமும் இதே கருத்தைச் சொல்லியிருக்கிறது.

"எந்தத் தெரு?"

இந்தக் கேள்விக்கு நம்மூரில் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சாதியை நேராகக் கேட்க முடியாத இடத்தில் ஊரும் தெருவும் அப்பா பெயரும் அந்த வேலையைச் செய்கின்றன.

2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் இதைப் பற்றி இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஒன்று சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்தது. பத்திரிகை விளம்பரங்களில் வந்த தனியார் வேலைகளுக்கு, தகுதியில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். படிப்பும் தகுதியும் ஒன்றுதான். இருந்தாலும் தலித் பெயருக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவாகவும் அழைப்பு வந்தது. இதில் இண்டர்வியூவே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைப் பார்த்த உடனேயே வடிகட்டியாகிவிட்டது.

இரண்டாவது கட்டுரை சுரீந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் எழுதியது. பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். எல்லோரும் 'எங்களுக்குத் தகுதிதான் முக்கியம்' என்றார்கள். அதே வாயால் 'குடும்பப் பின்னணி கட்டாயம் கேட்போம்' என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள், எந்த ஊர் என்பதிலிருந்து ஆளின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை. கோட்டு சூட்டு போட்ட மேலாளரின் நம்பிக்கையும் மாடிப்படி மேலே உட்கார்ந்திருந்த முதலாளி வீட்டு ஆளின் நம்பிக்கையும் ஒன்றுதான். பாஷை மட்டும்தான் வேறு.

நேர்மையைப் பற்றிய கவலை என்றால், முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கலாம், சரக்குக் கணக்கைத் தினமும் சரிபார்க்கலாம். தெருப் பெயரில் நேர்மை எழுதியிருக்காது.

"ஆளைப் பார்த்தாலே சொல்லிருவேன்"

முப்பது வருஷம் கடை நடத்தினவர்கள் பெருமையாகச் சொல்வது இது. நடந்து வர்றதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் என்பார்கள். இதைத்தான் உளவியலாளர்கள் நூறு வருஷமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ராணுவ அதிகாரிகளிடம் கீழே உள்ளவர்களின் உடற்கட்டு, புத்தி, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னால், எல்லா மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஆள் பார்க்க நன்றாக இருந்தால் புத்தியும் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. உயரமான பையன் நேர்மையானவனாகவும் தெரிகிறான். ஒரு ஒளிவட்டம் எல்லாவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது.

அடுத்தது ஹூஸ்டன் கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி 1979இல் சுமார் 800 பேரை இண்டர்வியூ செய்து 150 பேரை எடுத்துவிட்டது. அப்புறம் திடீரென்று, இன்னும் 50 இடம் நிரப்பச் சொல்லி மாநிலச் சட்டமன்றத்திலிருந்து உத்தரவு. நல்ல ரேங்க் வாங்கியவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால் பட்டியலின் அடியில் கிடந்தவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், படிப்பிலோ, மருத்துவமனைப் பயிற்சியிலோ, படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எண்ணிக்கையிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இண்டர்வியூவில் கீழே தள்ளப்பட்டவர்களும் அதே மாதிரி டாக்டர் ஆனார்கள்.

மூன்றாவது, 2013இல் ஜேசன் டானா, ராபின் டாஸ், நாதனியல் பீட்டர்சன் வெளியிட்ட சோதனை. ஒரு மாணவரை இண்டர்வியூ செய்து, அவர் அடுத்து எடுக்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்ததைவிட, இண்டர்வியூவும் செய்து கணித்தது மோசமாக இருந்தது. இன்னொரு வேடிக்கை. சிலரிடம் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு குருட்டு விதிப்படி 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. ஆளைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். நம் மூளை எதைக் கொடுத்தாலும் ஒரு கதையாகக் கோத்துவிடும்.

கொஞ்சம் கணக்கு

வாய்க்கு வந்தபடி கேட்கும் இண்டர்வியூ ஒரு பக்கம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே எழுதி வைத்த அளவுகோலால் மதிப்பெண் போடும் திட்டமிட்ட இண்டர்வியூ இன்னொரு பக்கம். இவற்றின் மதிப்பெண்ணுக்கும், பிறகு அந்த ஆள் வேலையில் செய்து காட்டியதற்கும் எவ்வளவு ஒட்டுறவு இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லலாம். பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அச்சு அசல்.

ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தபோது திட்டமிட்டதற்கு 0.51, திட்டமில்லாததற்கு 0.38 என்று வந்தது. பால் சாக்கெட் குழு 2022இல் அந்தப் பழைய கணக்கில் இருந்த மிகைத் திருத்தங்களை நீக்கிப் பார்த்ததில் 0.42, 0.19 என்று இறங்கிவிட்டது. இறங்கிய பிறகும் அவர்கள் பட்டியலில் முதலிடம் திட்டமிட்ட இண்டர்வியூவுக்குத்தான்.

0.19 என்றால் என்ன? நானே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விண்ணப்பதாரர்கள். இருவரில் வேலையை நன்றாகச் செய்யப்போவது யார் என்று சொல்லணும். மதிப்பெண்கள் வழக்கமான மணி வளைவுப் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொண்டால்:

நாணயத்தைச் சுண்டினால்: நூற்றுக்கு 50 தடவை சரி.
வாய்க்கு வந்த இண்டர்வியூ, 0.19: நூற்றுக்கு 56 தடவை சரி.
திட்டமிட்ட இண்டர்வியூ, 0.42: நூற்றுக்கு 64 தடவை சரி.

பூவா தலையா போடுவதைவிட ஆறு தடவை கூடுதல். அவ்வளவுதான். முப்பது வருட அனுபவம், நடை பார்த்துக் கணிப்பது எல்லாம் சேர்ந்து சராசரியாகத் தருவது இந்த ஆறுதான்.

இந்த எண்ணை இவ்வளவு இழுத்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா பையன் இந்த வருஷம் பி.காம். முடித்தான். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் வேலைக்குப் போய்விட்டு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. "என்னடா கேட்டாங்க?" என்றால், "ஒண்ணும் கேக்கல மாமா. மேலயும் கீழயும் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. கடை வேலைக்குக்கூட நான் லாயக்கு இல்லையா?" என்றான். அந்த 'கூட' என்ற சொல்தான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது. நூற்றுக்கு 44 தடவை தப்பாகச் சொல்லும் ஒரு தராசை நம்பி, ஒரு பையன் தன் எடையை முடிவு செய்துகொள்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத்தான் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் சிரித்தான்.

கடைகளிலேயே நடந்த சோதனை

'இதெல்லாம் காலேஜ் கதை, எங்க கடைக்கு ஒத்து வராது' என்று சொல்பவர்களுக்காக. டேவிட் ஆட்டர், டேவிட் ஸ்கார்பரோ 2008இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சில்லறைக் கடைச் சங்கிலி ஒன்றைப் பற்றியது. 1,363 கிளைகள். முன்பெல்லாம் ஒரு காகித விண்ணப்பம், மேனேஜரின் வாய்ப்பேச்சு, அவ்வளவுதான் தேர்வு. பிறகு கணினியில் ஒரு குணநலத் தேர்வைச் சேர்த்தார்கள். அதற்குப் பின் எடுத்த ஆட்கள் வேலையில் நிலைத்த காலம் சுமார் பத்து சதவீதம் கூடியது. சிறுபான்மையினர் தேர்வாகும் விகிதம் குறையவில்லை.

2018இல் ஹாஃப்மன், கான், லீ மூவரும் இதை இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். சேவைத் துறையில் 15 நிறுவனங்கள். தேர்வு முடிவை மீறி, 'எனக்குத் தெரியும், இவனை எடு' என்று அடிக்கடி விதிவிலக்குச் செய்த மேனேஜர்களின் ஆட்கள்தான் சீக்கிரம் வேலையை விட்டுப் போனார்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மெஷினிடம் விட்டுவிடலாமா? மென்பொருள் துறையில் இருபது வருஷம் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். அமேசான் விண்ணப்பங்களை வடிகட்ட ஒரு மென்பொருள் செய்து பார்த்துக் கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம் இருந்ததால், பெண்கள் தொடர்பான சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. மேனேஜர் மனதில் இருக்கும் 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை மெஷினும் கற்றுக்கொள்ளும். என்ன, வாய் திறந்து கேட்காது.

கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் அரை மணி நேரமும் போதும்.

1. வேலைக்கு உண்மையில் என்ன வேணும் என்று முதலில் நாலு வரி எழுதுங்கள். கணக்கு, பொறுமை, பொருளைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம், நேரத்துக்கு வருவது.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, எல்லோருக்கும் அதே கேள்வி. "வாங்கிப் போன மிக்ஸி ஓடலன்னு ஒருத்தர் சத்தம் போட்டுக்கிட்டே உள்ள வர்றாரு, பில்லும் கொண்டு வரல. நீங்க என்ன செய்வீங்க?" பதிலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். எது 5, எது 1 என்று ஆள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளணும்.

3. செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரௌஷரைக் கொடுத்துப் பத்து நிமிடம் படிக்கவிட்டு, நீங்களே வாடிக்கையாளராக நின்று கேளுங்கள். பில்லிங் வேலை என்றால் ஐந்து பொருளுக்குத் தள்ளுபடி போட்டு மீதிச் சில்லறை சொல்லச் சொல்லுங்கள்.

4. இரண்டு பேர் இண்டர்வியூ செய்தால், பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலாளி முகத்தைப் பார்த்து மேனேஜர் மதிப்பெண் மாறும்.

5. ஊர் தேவை என்றால், தங்குமிடம் வேணுமா, பஸ் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். தெரு தேவையில்லை.

இண்டர்வியூவுக்குப் போகிறவர்கள் என்ன கேட்கலாம்?

கேட்பது அவர்கள் வேலை மட்டும் இல்லை. வேலை கிடைக்கும் நிலை வந்தபின், பணிவாக இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

வேலை நேரம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி வழக்கமான வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் மிகைநேர ஊதியம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. "காலையில எத்தன மணிக்கு வரணும் சார், ராத்திரி எத்தன மணிக்கு விடுவீங்க?" என்ற ஒரு கேள்வியிலேயே கடையின் குணம் பாதி தெரிந்துவிடும்.

உட்காரும் வசதி: கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் வருடக்கணக்காகப் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் உட்காரும் வசதி செய்து தரணும் என்பது சட்டம். கடைக்குள் போனதும் ஸ்டூல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். கேட்காமலேயே பதில் கிடைத்துவிடும்.

சர்டிபிகேட்: நகல் தரலாம், அசலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லலாம். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவசரத்துக்குக் கொடுத்தே ஆகணும் என்ற நிலையில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் எதெதைக் கொடுத்தீர்கள் என்று எழுதி, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு எப்போது: "எந்தத் தேதிக்குள்ள சொல்வீங்க சார்? அதுக்கப்புறம் நான் வேற இடம் பாக்கலாமா?" என்று கேளுங்கள். இதில் கோபப்படுகிற கடையில் வேலை கிடைக்காமல் போவது பெரிய நஷ்டம் இல்லை.

கடைசியாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்கு வந்து நிற்கிறவர் நாளைக்கு உங்கள் வாடிக்கையாளர். அவர் வீட்டிலும் பிரிட்ஜ் வாங்குவார்கள், கல்யாணப் புடவை எடுப்பார்கள். வந்த நாற்பது பேரிடமும் போன் நம்பர் வாங்கியிருப்பீர்கள். "இந்தத் தடவை வேற ஒருத்தரை எடுத்துட்டோம், வந்ததுக்கு நன்றி" என்று ஒரு வரிச் செய்தி அனுப்ப மொத்தமாக ஐந்து நிமிடம் ஆகும். சொல்லி அனுப்புறோம் என்றால், சொல்லி அனுப்புங்கள்.